லாக் ரிப்போர்ட்டில் ‘தண்ணீர்’ என்று தள்ளிய மணலில் பெர்ஃபரேஷன் அடிக்கலாமா?

புதுக்கிணறு

வணக்கம். எண்ணெய்க் கிணற்றில் கம்ப்ளீஷன் வேலைக்கு (துளைத்த கிணற்றை உற்பத்திக்குத் தயார் செய்வது) வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. லாக்கை (கிணற்றில் கருவி இறக்கி ஆழவாரியாக எடுக்கும் அளவீடு) படித்து பெட்ரோஃபிசிக்ஸ்காரர்கள் தரும் ‘பே’ (எண்ணெய் தரும் பகுதி) அட்டவணையை வாங்கி, அதில் இருக்கும் ஆழத்தை அப்படியே கன் (பெர்ஃபரேஷன் அடிக்கும், அதாவது குழாயில் துளை போடும் கருவி) நீளமாக மாற்றித்தான் இதுவரை பழக்கம். இந்தக் கிணற்றில் அப்படிச் செய்ய மனசு வரவில்லை, அதனால் கேட்கிறேன்.

செங்குத்துக் கிணறு, எட்டரை அங்குல ஓட்டை, 7 அங்குல கேசிங் (இரும்புக் குழாய்) இறக்கி சிமென்ட் பண்ணியாகிவிட்டது. மணல்கல். மேலே 2,411 முதல் 2,419 மீட்டர் வரை சுத்தமான மணல் (ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள்): காமா ரே (களிமண் கூடினால் கூடும்) 35-40, போரோசிட்டி (கல்லில் துளைகளின் பங்கு) 24 சதவீதம், ரெசிஸ்டிவிட்டி (மின்தடை, எண்ணெய் இருந்தால் உயரும்) 30 ஓம்-மீட்டர். அதன் கீழே 2,422 வரை ஷேல், அதாவது களிப்பாறை (பி). அப்புறம் 2,422 முதல் 2,430 வரை அழுக்கு மணல் (சி), காமா ரே 70 பக்கம், போரோசிட்டி 17-க்கும் 21-க்கும் இடையே ஏறி இறங்குகிறது, ரெசிஸ்டிவிட்டி மட்டும் 5-ஐ விட்டு அசையவே இல்லை. 2,431-க்குக் கீழே மறுபடி சுத்த மணல் (டி), ரெசிஸ்டிவிட்டி 1 ஓம்-மீட்டர், அது தண்ணீர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ரிப்போர்ட்டில் ஏ மட்டும் பே, நீர்ச்செறிவு (துளைகளில் தண்ணீரின் பங்கு) 19 சதவீதம். சி-க்கு 52 முதல் 64 வரை வருகிறது, கட்-ஆஃப் (வரம்பு) 50 என்பதால் ‘வெட்’ என்று எழுதி மூடிவிட்டார்கள். ஆனால் சி-க்கும் டி-க்கும் நடுவே ஒரு 80 சென்டிமீட்டரில் ரெசிஸ்டிவிட்டி திடீரென்று 40-க்குத் தாவுகிறது. அங்கே எண்ணெய் இருந்தால் அதற்கு மேலே இருக்கும் சி எப்படித் தண்ணீராக இருக்கும்? மேலாளர் ஏ-யை முழு 8 மீட்டருக்கும் அடித்துவிட்டு நகரச் சொல்கிறார். சி-யை விட்டுவிடலாமா, இல்லை சேர்த்து அடிக்கலாமா?

---

ஓம்மீட்டர்

முதலில் அந்த 40-ஐப் பார்த்து ஏமாறாதீர்கள். அதே ஆழத்தில் டென்சிட்டி (கல்லின் அடர்த்தி) லாக் என்ன சொல்கிறது? 2.6-ஐத் தாண்டி, நியூட்ரான் போரோசிட்டியும் விழுந்து, சோனிக்கும் (ஒலி கல்லைக் கடக்கும் நேரம்) வேகமாக இருந்தால் அது கால்சைட் இறுகிய கல், எண்ணெய் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள் கொடுத்த டி மணலில் போரோசிட்டி ஏ மாதிரி 24 என்றால் தண்ணீரின் ரெசிஸ்டிவிட்டி சுமார் 0.06 வருகிறது. போரோசிட்டி 4 சதவீதமே உள்ள கல்லில் முழுக்கத் தண்ணீர் நின்றாலும் ரெசிஸ்டிவிட்டி 37-38 காட்டும். ஆக 40 என்பது ஓட்டையில்லாத கல்லின் எண். உங்கள் கேள்வி சரியான கேள்விதான், அதைக் கேட்க வைத்த காரணம்தான் தப்பு.

இப்போது சி. ரெசிஸ்டிவிட்டியிலிருந்து நீர்ச்செறிவைக் கணக்கிட ஆர்ச்சி 1942-ல் கொடுத்த சமன்பாடு சுத்தமான மணலுக்கானது. களிமண் கலந்த கல்லில் களிமண்ணும் மின்சாரம் கடத்தும், அதனால் ரெசிஸ்டிவிட்டி இறங்கும், நீர்ச்செறிவு இருப்பதைவிடக் கூடுதலாக வரும். அப்படிப் பார்த்தால் உங்கள் 52-64 என்பது மேல் வரம்பு. அதைவிட முக்கியமான விஷயம், அந்தத் தண்ணீர் ஓடுகிற தண்ணீரா, ஒட்டிக்கொண்டிருக்கிற தண்ணீரா என்பது. பொடி மணலில், வண்டலில், நுண்துளைகளில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தும் ஒரு சொட்டு வராமல் எண்ணெய் மட்டும் வரும் கிணறுகள் நிறைய உண்டு. 50 என்ற கட்-ஆஃப் ஏ மாதிரி மணலுக்கு எங்கோ யாரோ வைத்தது. அதை சி-யின் தலையில் சுமத்தியிருக்கிறார்கள்.

சுலபமான ஒரு சோதனை: போரோசிட்டியையும் நீர்ச்செறிவையும் பெருக்குங்கள். 0.17 × 0.64 = 0.109. 0.21 × 0.52 = 0.109. மேலிருந்து கீழ்வரை இந்தப் பெருக்கல் மாறாமல் இருந்தால் தண்ணீர் நகரும் நிலையில் இல்லை என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். என்எம்ஆர் (ஓடுகிற தண்ணீரையும் ஒட்டிய தண்ணீரையும் பிரித்துக் காட்டும் காந்த ஒத்ததிர்வு லாக்) ஓட்டினீர்களா? அழுத்தப் புள்ளிகள் (ஒவ்வொரு ஆழத்திலும் கல்லுக்குள் இருக்கும் திரவ அழுத்தம்) எடுத்தீர்களா? இருந்தால் போடுங்கள்.

---

மணல்வாரி

ஓம்மீட்டர் சார், ஒரு சின்னச் சண்டை. ஆர்ச்சியில் இரண்டு அடுக்கெண்ணுக்கும் 2 போட்டுவிட்டு அப்புறம் போரோசிட்டியையும் நீர்ச்செறிவையும் பெருக்கினால், போரோசிட்டி அடிபட்டுப் போய் மிஞ்சுவது தண்ணீர் ரெசிஸ்டிவிட்டியை லாக் ரெசிஸ்டிவிட்டியால் வகுத்த எண்ணின் வர்க்கமூலம்தான். ரெசிஸ்டிவிட்டி 5-ல் நிலையாக நிற்கிறது என்று அவரே சொல்லிவிட்டார், பெருக்கல் நிலையாக வராமல் வேறு என்ன வரும்? ஒரே சாட்சியை இரண்டு தடவை கூண்டில் ஏற்றின மாதிரி இருக்கிறது. தப்பு என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பி கன் இறக்காதீர்கள் என்கிறேன்.

தம்பி, என் கவலை வேறு. ஏ-யில் சோனிக் எவ்வளவு? அடிக்கு 100 மைக்ரோசெகண்டைத் தாண்டினால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எல்லாரும் சண்டை போடாமல் ஒப்புக்கொண்ட அந்த நல்ல மணல்தான் நாளைக்கு உங்கள் செபரேட்டரை (எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்கும் தொட்டி) மணலால் நிரப்பப் போகிறது. 8 மீட்டரும் ஒரே மாதிரி உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். மேல் 3 மீட்டர் தளர்ந்தும் கீழ் 5 மீட்டர் இறுகியும் இருந்தால் எங்கே சுடுவது என்ற கேள்விக்கு அதுவே பாதி பதில்.

---

கம்பிவடம்

இரண்டு பேரும் கல்லைப் பார்க்கிறீர்கள், குழாய்க்கு வெளியே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் பதினைந்து வருஷம் வயர்லைன் (கம்பியில் கருவி இறக்கும்) யூனிட்டில் உட்கார்ந்தவன். பி ஷேலில் காலிப்பர் (ஓட்டையின் விட்டம் அளக்கும் கருவி) என்ன காட்டியது? ஷேல்தான் முதலில் சரியும். ஓட்டை 11 அங்குலத்துக்கு விரிந்திருந்தால் துளையிடும் மண்குழம்பு அங்கே தேங்கி, சிமென்ட் ஒரு பக்கமாக ஓடியிருக்கும். அதாவது ஏ-யையும் சி-யையும் பிரிக்க வேண்டிய இடத்தில்தான் சிமென்ட் மோசமாக இருக்க வாய்ப்பு அதிகம். கேசிங்குக்கு உள்ளே எவ்வளவு நல்ல பேக்கர் (அடைப்பான்) வைத்தாலும் வெளியே வாய்க்கால் இருந்தால் இரண்டு மணலும் ஒரே மணல்தான்.

அதே காலிப்பரை வைத்து டென்சிட்டியையும் சரிபாருங்கள். கருவியின் பேடு சுவரில் ஒட்டாத இடத்தில் டென்சிட்டி குறைவாகக் காட்டும், போரோசிட்டி பொய்யாக உயரும். ஷேல் விளிம்பில் நல்ல மணல் மாதிரி அரை மீட்டர் தெரிந்தால் அது மணலாக இல்லாமலும் இருக்கலாம்.

அப்புறம் ஆழம். என் அனுபவத்தில் ஒரு கிணற்றில் கன்னை இறக்கி, காமா ரே-யையும் கேசிங் காலரையும் (குழாய் இணைப்புகள்) ஒட்டிப் பார்த்து, கோடு அழகாகப் பொருந்துகிறது என்று சுட்டோம். பொருத்திப் பார்க்க எங்களுக்குக் கொடுத்த லாக் ஆழத் திருத்தம் செய்வதற்கு முந்தைய பிரதி. ஒன்றரை மீட்டர் வித்தியாசம். 3 மீட்டர் மணலில் பாதி ஷேலில் போனது. மறுபடி ரிக் கொண்டுவந்து, மறுபடி சுட்டு, அந்த மாதம் முழுக்க எங்கள் ஆபீசில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உங்கள் சி-க்குக் கீழே இருப்பது 80 சென்டிமீட்டர் இறுகிய கல். அதற்குக் கீழே தண்ணீர். ஒன்றரை மீட்டர் தப்பினால் கதை முடிந்தது. எந்த லாக் மூல ஆழம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், அதிலிருக்கிற தேதியையும் பாருங்கள்.

---

புதுக்கிணறு

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அந்த 40 கால்சைட்தான், டென்சிட்டி 2.62. வெட்கமாக இருக்கிறது, சரி விடுங்கள்.

சோனிக்: ஏ-யின் மேல் பாதியில் 104, கீழ்ப் பாதியில் 97. சி-யில் 88.

என்எம்ஆர் ஓட்டியிருக்கிறார்கள்! ரிப்போர்ட்டில் அதை மொத்த போரோசிட்டிக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொடவே இல்லை. சிக்னல் தேயும் நேரத்துக்கு 33 மில்லிசெகண்ட் கட்-ஆஃபில் சி-யின் கட்டுண்ட தண்ணீர் கல்லின் கன அளவில் 0.10.

அழுத்தப் புள்ளிகள்: ஏ-யில் 2,413-ல் 3,310 பிஎஸ்ஐ. சி-யில் 2,424-ல் 3,382, 2,428-ல் 3,386. டி-யில் 2,436-ல் 3,397. மொபிலிட்டி (திரவம் கல்லில் எவ்வளவு சுலபமாக நகரும் என்பது) ஏ-யில் நூற்றுக்கணக்கில், சி-யில் 4 மில்லிடார்சி/சென்டிபாய்ஸ் மட்டும்.

காலிப்பர் பி-யில் பதினொன்றரை வரை போகிறது. கம்பிவடம் அண்ணா, நீங்கள் பார்க்காமலே சொன்னது எப்படி என்று தெரியவில்லை. சிபிஎல் (சிமென்ட் ஒட்டைப் பார்க்கும் லாக், எண் குறைந்தால் ஒட்டு நல்லது) ஆம்ப்ளிட்யூட் சி-யிலும் டி-யிலும் 4-5 மில்லிவோல்ட், பி-யில் 25.

---

ஓம்மீட்டர்

மணல்வாரி சொன்ன குத்து நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது என்எம்ஆர் வந்துவிட்டதால் அந்தக் குறை தீர்ந்தது. ரெசிஸ்டிவிட்டியிலிருந்து மொத்தத் தண்ணீர் 0.11, என்எம்ஆரில் கட்டுண்ட தண்ணீர் 0.10. இரண்டும் வேறு வேறு இயற்பியல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கருவிகள். ஆக நகரக்கூடிய தண்ணீர் 0.01. சி எண்ணெய் மணல், மெதுவாகக் கொடுக்கும் மணல். ஒரு எச்சரிக்கை: 33 என்பது சாதாரண மணல்கல்லுக்குப் பழக்கத்தில் வந்த எண். குளோரைட் மாதிரி இரும்புள்ள களிமண் இருந்தால் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஓடுகிற தண்ணீரும் கட்டுண்டது போலத் தெரியும். பக்கவாட்டு கோர் (கிணற்றுச் சுவரிலிருந்து எடுத்த கல் மாதிரி) இருந்தால் ஒரு பிளக்கை சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அழுத்தம் இன்னும் சுவாரசியம். எண்ணெயில் அழுத்தம் ஆழத்தோடு மீட்டருக்கு 1.1 பிஎஸ்ஐ கூடும் என்று வைத்தால் ஏ-யின் 2,413-லிருந்து 2,424-க்கு வரும்போது 3,322 இருக்க வேண்டும். இருப்பது 3,382. 60 பிஎஸ்ஐ அதிகம். மொபிலிட்டி 4 உள்ள கல்லில் இப்படி வந்தால் முதலில் சூப்பர்சார்ஜிங்கைச் சந்தேகப்படணும், மண்குழம்பின் வடிநீர் சுவருக்குள் கசிந்து நிஜ அழுத்தத்தைவிடக் கூட்டிக் காட்டும். ஆனால் டி நல்ல மணல், அங்கே அந்தப் பிரச்சினை வராது, அதன் 3,397-ம் சி-யின் எண்களும் ஒரே வரிசையில் உட்காருகின்றன. அதனால் ஏ-தான் பக்கத்துக் கிணறு எதனாலோ உறிஞ்சப்பட்டிருக்கிறது, சி-யை இன்னும் யாரும் தொடவில்லை. பி ஷேல் உண்மையான தடுப்பு, குறைந்தபட்சம் கல்லுக்குள்.

எண்ணெய்க் கோட்டையும் தண்ணீர்க் கோட்டையும் (மீட்டருக்கு 1.45) நீட்டினால் 2,431 பக்கம் வெட்டுகிறது. இந்த எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். இரண்டு சரிவுக்கும் வித்தியாசம் 0.35 மட்டும். ஒரு பிஎஸ்ஐ பிசகினால் கான்டாக்ட் (எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் ஆழம்) கிட்டத்தட்ட 3 மீட்டர் நகர்ந்துவிடும்.

---

மணல்வாரி

சரி, இப்போது வடிவமைப்புப் பேசலாம்.

சி-யில் மொபிலிட்டி 4 என்றதும் யாராவது உடனே ஃபிராக் (பம்ப் அழுத்தத்தில் கல்லைப் பிளப்பது) பண்ணலாம் என்பார்கள். வேண்டாம். கீழே 80 சென்டிமீட்டர் கால்சைட், அதற்கடுத்து தண்ணீர். விறைப்பான கல் என்பதால் பிளவு நிற்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு, பிளவின் உயரத்தைப் பெரும்பாலும் அடக்குவது பாறையின் பக்கவாட்டு அழுத்த (ஸ்ட்ரெஸ்) வித்தியாசமும் தடுப்பின் தடிமனும். அவ்வளவு மெல்லிய பட்டையை நம்பிப் பம்ப் பண்ணினால் தண்ணீருக்கு நீங்களே வாசல் திறந்துவிட்ட மாதிரி. ஷியர் சோனிக் இருந்தால் பாய்சான் விகிதம் போட்டு அழுத்தத்தைக் கணக்கிடலாம்தான், ஆனால் லாக்கிலிருந்து வரும் அந்த எண் ஒரு மினி-ஃபிராக்கில் (சின்னச் சோதனைப் பிளவு) சரிபார்க்கப்படாத வரைக்கும் ஊகம்தான். அந்த இறுகிய கல் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போகிறது என்பதும் தெரியாது, கால்சைட் பல நேரம் உருண்டை உருண்டையாகத்தான் இருக்கும்.

ஆகவே சி-யில் ஆழமாகத் துளைக்கும் சார்ஜ் (கன்னில் வெடித்துத் துளை போடுவது), அடிக்கு 6 ஷாட், 60 டிகிரி, நல்ல அண்டர்பேலன்ஸ் (கிணற்றுக்குள் அழுத்தம் கல்லைவிடக் குறைவு). சோனிக் 88 என்பதால் மணல் பற்றிப் பெரிய பயமில்லை. கன் கம்பெனி தரும் துளை நீளம் காங்கிரீட்டில் சுட்டது, அழுத்தத்தில் இருக்கும் நிஜக் கல்லில் அதைவிடக் குறையும். வடிநீர் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று ஆழமற்ற, ஆழமான ரெசிஸ்டிவிட்டிக் கோடுகளின் விலகலில் பார்த்து, துளை அதைத் தாண்டுமா என்று யோசியுங்கள். அடியில் 2,427-க்குக் கீழே சுடாதீர்கள். ஓம்மீட்டர் சொன்ன 3 மீட்டர் சந்தேகம் அதற்குள் அடங்கிவிடும். முழு மணலையும் அடிக்காவிட்டால் உற்பத்தி போய்விடும் என்று மேலாளர் சொன்னால், 3 மீட்டரை மிச்சம் வைத்ததால் இழப்பது கொஞ்சம்தான், தண்ணீர் கூம்பு ஏறிவிட்டால் இழப்பது எல்லாமே என்று சொல்லுங்கள்.

ஏ வேறு விவகாரம். மேல் பாதி 104. ஏற்கெனவே அழுத்தம் குறைந்த மணல், இன்னும் குறையக் குறைய மணல் துகள் மேல் சுமை கூடும், மணல் வர ஆரம்பிக்கும். ஒன்று, கீழ்ப் பாதியை மட்டும் சுட்டு டிராடவுனை (கல்லுக்கும் கிணற்றுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம்) அடக்கி வையுங்கள். இல்லையென்றால் முதலிலேயே கிராவல் பேக் (மணலைத் தடுக்கும் சரளை வடிகட்டி) என்று முடிவு பண்ணி, பெரிய வாய் சார்ஜ் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே நின்று, ஆழத் துளைக்கும் கன்னால் முழுசும் சுட்டுவிட்டு ‘மணல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதுதான் மோசமான வழி. கிராவல் அளவுக்கு லாக் உதவாது, சல்லடை வேண்டும். நடுத்தரத் துகள் அளவைப் போல 5-6 மடங்கு என்பது சாசியர் 1974-ல் சொன்னது, இன்னும் அதில்தான் ஆரம்பிக்கிறோம்.

இரண்டையும் ஒன்றாகத் திறக்கலாமா என்றால், ஓடும்போது 60 பிஎஸ்ஐ பெரிய விஷயமில்லை. மூடும்போதுதான் சி-யின் எண்ணெய் ஏ-க்குள் போகும், நாளைக்கு சி-யில் தண்ணீர் வந்தால் அந்தத் தண்ணீரும் போகும். என் ஓட்டு: சி முதலில், தனியாக. அதன் உற்பத்தி குறைந்த பிறகு பிளக் (அடைப்பு) வைத்துவிட்டு ஏ.

---

கம்பிவடம்

மணல்வாரி திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது, பி-யின் 25 மில்லிவோல்ட்டைத் தீர்க்காமல் அது வெறும் காகிதம். 7 அங்குலக் குழாய் சிமென்டே இல்லாமல் தொங்கினால் 60 பக்கம் காட்டும். 25 என்றால் இரண்டுங்கெட்டான். ஒருவேளை மைக்ரோ-ஆன்யுலஸ், அதாவது கேசிங் கொஞ்சம் சுருங்கி மயிரிழை இடைவெளி விட்டிருக்கலாம், எண்ணெயோ தண்ணீரோ அதில் பெரிதாக ஓடாது. ஒருவேளை நிஜ வாய்க்கால். கேசிங்கில் 1,000 பிஎஸ்ஐ ஏற்றிக்கொண்டு அதே இடத்தை மறுபடி ஓட்டுங்கள். இடைவெளிதான் காரணம் என்றால் குழாய் உப்பி சிமென்டில் ஒட்டும், ஆம்ப்ளிட்யூட் விழும். வாய்க்கால் என்றால் அசையாது. விடிஎல்லையும் (சிபிஎல்லோடு வரும் ஒலி அலைப் படம்) பாருங்கள், முதலில் வரும் நேர்கோடுகள் வலுவாக இருந்து கல்லின் நெளிவுக் கோடுகளும் கூடவே தெரிந்தால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம் கொள்ளலாம். அல்ட்ராசோனிக் கிடைத்தால் சுற்றுவட்டம் முழுசும் படமாகவே வரும். பெர்ஃபரேஷனுக்கு முன்னால் செய்யுங்கள், ஓட்டை போட்ட பிறகு அழுத்தம் நிற்காது.

---

புதுக்கிணறு

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

1,000 பிஎஸ்ஐ ஏற்றி ஓட்டினோம். பி-யின் மேல் இரண்டு மீட்டரில் 25 அப்படியே நிற்கிறது. ஆனால் கீழ் ஒரு மீட்டரில், 2,421-க்கும் 2,422-க்கும் நடுவே, 7-க்கு விழுந்துவிட்டது. அதாவது ஒரு மீட்டர் சிமென்ட்தான் தடுப்பு.

பெட்ரோஃபிசிக்ஸ் டீமிடம் 0.11, 0.10 கணக்கைக் காட்டினேன். முதலில் யார் சொல்லிக் கொடுத்தது என்றுதான் கேட்டார்கள், அப்புறம் அவர்களே கோர் பிளக் தேடிப் போனார்கள். மேலாளர் சி-யை முதலில் தனியாகச் சோதிக்க ஒப்புக்கொண்டார். 2,423.5 முதல் 2,427 வரை. மேலே ஒன்றரை மீட்டர் விட்டது அந்த ஒரு மீட்டர் சிமென்டைக் கன் அதிர்ச்சியிலிருந்து காப்பாற்ற. ஸ்குவீஸ் (சிமென்டை அழுத்திச் செலுத்தி அடைப்பது) இப்போதைக்கு இல்லை, சோதனையில் ஏ பக்கம் கசிவு தெரிந்தால் மட்டும்.

கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் மிச்சக் கேள்வி. டெம்பரேச்சர் லாக் போதுமா?

---

கம்பிவடம்

போதும், ஆனால் சுடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடிக்கோடு இல்லாமல் பின்னால் வரும் வளைவை எதோடு ஒப்பிடுவீர்கள்? நாய்ஸ் டூலையும் சேர்த்து இறக்கினால் வாய்க்காலில் ஓடும் சத்தம் பி-க்கு எதிரே கேட்கும். ஓடும்போது ஒன்று, மூடிய பிறகு ஒன்று. மூடியபோது எடுப்பதை விட்டுவிடாதீர்கள், உங்கள் 60 பிஎஸ்ஐ அப்போதுதான் வேலை செய்யும்.

கன் இறக்கும் நாளில் எந்தப் பிரதி கையில் இருக்கிறது என்று மட்டும் இன்னொரு தடவை பாருங்கள்.